அட்டைக்கடி

ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மருந்தகத்தில் ஷிரானி தாதியாகச் சேர்ந்து பதினெட்டு வருஷம். டொக்டர் மாதம் இருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் நோயைப் பார்ப்பதும் மருந்து கொடுப்பதும் யாரை மாத்தளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று முடிவெடுப்பதும் அவள்தான். "நான் டொக்டர் இல்ல" என்று முதல் வருஷம் சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

செவ்வாய் காலை பத்து மணிக்குக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து டொறீன் நொண்டிக்கொண்டு வந்தாள். மூன்று நாளாக மழை. கணுக்காலுக்குக் கீழே ஒரே இரத்தம்.

"அட்டைக்கும் என்னையத்தான் புடிக்குது டொக்டரம்மா. சீனி வருத்தக்காரி ரெத்தம் இனிக்கும் போல. கால் வேற எரியுது. அரை நாள் லீவுத் துண்டு ஒன்னு எழுதித் தாங்களேன்."

"அட்டைக்கடிக்கெல்லாம் துண்டு குடுத்தா மலையில ஒருத்தியும் நிக்க மாட்டா. போங்க, போங்க."

டொறீன் சிரித்தாள். ஷிரானியும் சிரித்தாள். அன்று காலையிலிருந்து அவள் கட்டிய ஒன்பதாவது கால் அது. அட்டை கடித்த இடத்தில் இரத்தம் சீக்கிரம் நிற்காது. மலையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பஞ்சை வைத்து இறுக்கிக் கட்டினாள். கழுவிப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் டொறீனை அவள் புருஷன் ஜீவராஜ் தூக்கிக்கொண்டு வந்தான். கால் முழங்கால்வரை வீங்கிக் கறுத்திருந்தது. ஈறில் இரத்தம். நேற்றுப் பின்னேரத்திலிருந்து சிறுநீர் போகவில்லை என்றான். ஷிரானி கட்டுத்துணியைப் பிரித்துக் கழுவினாள். கணுக்காலில் பாம்புப் பல் பட்ட இரண்டு புள்ளிகள். தேயிலைச் செடியடியில் சுருண்டு கிடக்கும் சின்ன விரியனின் கடி. அந்த விஷத்துக்கு முறிவு ஊசி இல்லை. உடனே அனுப்பியிருந்தால் சிறுநீரகத்தையாவது காப்பாற்றப் பார்த்திருப்பார்கள்.

லொறிக்குச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். கடித்த நேரம் என்ற இடத்தில் பேனா நின்றது. இன்று அதிகாலை என்று எழுதினால் கேட்க ஆளில்லை.

நேற்றுக் காலை என்று எழுதினாள். அட்டைக்கடி என்று நினைத்து நானே கட்டுப்போட்டு வேலைக்கு அனுப்பினேன் என்றும் எழுதினாள்.

"நல்லவேள, நீங்க இருந்தீங்க" என்றான் ஜீவராஜ்.

"நேத்து வந்தப்பவே பாம்பு கடிச்சிருந்திச்சு, ஜீவராஜ். நான் பாக்கல. அட்டைன்னு கட்டி அனுப்பிட்டேன்."

அவன் குனிந்து டொறீனைத் தூக்கினான். வெளியே லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான்.

"நீங்களும் ஏறுங்க" என்றான் ஜீவராஜ். "வழியில இவளுக்கு ஏதும்னா எனக்கு என்ன தெரியும்?"

ஷிரானி ஏறி டொறீனின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கால்மாட்டில் உட்கார்ந்தான்.