ருசி பார்க்கச் சொன்னவர்

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்து விடுதியொன்றில் தங்கையின் மகளுக்குப் பிறந்தநாள் விருந்து. தண்ணீர் கேட்டுக் குசினிக்குள் போனேன். நரைத்த தாடியோடு பருத்த சமையல்காரர் ஒருவர், பாணுக்குத் தொட்டுச் சாப்பிடுவதற்காகப் பாலும் சீஸும் பசளிக்கீரையும் சேர்த்துக் கிண்டிக்கொண்டிருந்தார். அடிப்பிடித்த மணம் வாசலிலேயே வந்தது.

"தம்பி, ஒருக்கா ருசி பாருங்கோ. காய்ச்சல் வந்ததிலயிருந்து எனக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை."

"முதலாளிக்குத் தெரியுமா?"

"சொல்ல ஏலாது. வேலை போயிடும்."

வாயில் வைத்தேன். கசந்தது.

"அடிப்பிடிச்சிட்டுது, ஐயா."

அகப்பை நின்றது. "நல்லா அடிப்பிடிச்சிட்டுதோ?"

"ஓம்."

வேறு பால் இருக்கவில்லை. மேலாக அள்ளி வேறு சட்டியில் ஊற்றி, மிளகுத்தூள் போட்டார். பிறகு எலுமிச்சம்புளி விட்டார். ஒவ்வொரு முறையும் என் முகத்தையே பார்த்தார். கசப்புப் போகவில்லை. விருந்தினர் காத்திருந்ததால் அப்படியே கோப்பையில் ஊற்றிச் சூடாக அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் கோப்பை கிட்டத்தட்ட நிறைந்தபடியே திரும்பி வந்தது. அவர் ஒரு பாண் துண்டைப் பிய்த்து, அதில் ஆழமாகத் தோய்த்து, நின்றபடியே மெதுவாக மென்றார்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை, தம்பி," என்றார்.