ஃப்யூஸ் பெட்டிக்குள் வராத வயர்

கருப்பசாமியின் வேலை போனதற்குக் காரணம் நான். வேறு யாரும் இல்லை. இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது, அந்தத் தைரியத்தில்தான் உங்களிடம் சொல்கிறேன்.

கோவில்பட்டியில் கார்களுக்கு வயரிங் வேலை பார்ப்பவன் நான். எந்தக் கோளாறானாலும் கண்டுபிடித்துவிடுவான் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பாழாய்ப்போன பேர்தான் என்னைக் கெடுத்தது என்று நினைக்கிறேன். இல்லை... பேர் என்ன செய்யும், வாய் என்னுடையதுதானே?

மரியபுஷ்பம் டீச்சர் தலைமையாசிரியையாக இருந்தவரை அவருடைய கார் தினமும் புதூர்ப் பள்ளிக்கு ஓடியது. ஓட்டியவன் கருப்பசாமி. ஒன்பது வருடம். டீச்சர் ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் வண்டி வெளியே வரும். அப்போதுதான் பேட்டரி சாக ஆரம்பித்தது. ஒரு வாரம் நின்றால் போதும், சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி.

புதுப் பேட்டரி போட்டேன். அதுவும் செத்தது. டைனமோவைப் பார்த்தேன், நன்றாகவே சார்ஜ் ஏற்றியது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பேட்டரி வயரில் மீட்டரை மாட்டினேன். கரண்ட் எங்கோ போய்க்கொண்டிருந்தது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கோளாறான ஃப்யூஸைப் பிடுங்கியதும் மீட்டர் இறங்க வேண்டும். இறங்கவில்லை. கடைசி ஃப்யூஸையும் பிடுங்கினேன்... அப்போதும் இறங்கவில்லை!

தொழில் தெரிந்தவன் அந்த இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்பான். ஃப்யூஸ் பெட்டிக்குள் வராமல் பேட்டரியிலிருந்து நேராகப் போகும் வயர் எது? நான் ஏன் கேட்கவில்லை? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

டீச்சர் பக்கத்தில் குடை பிடித்தபடி நின்றார். "என்னப்பா, கண்டுபிடிச்சியா இல்லியா?" என்று மூன்றாம் தடவை கேட்டார். நிமிர்ந்தேன். வேப்பமர நிழலில் கருப்பசாமி போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"வண்டியில கோளாறே இல்ல டீச்சர். நிக்குற வண்டியில யாரோ உக்காந்து ரேடியோ கேக்குதாவ."

நான் பேர் சொல்லவில்லை. சொல்லவில்லைதானே? டீச்சர் திரும்பி, "கருப்பசாமி, நீயாப்பா?" என்றார்.

அவன் எழுந்து நின்றான். "ஒருநாள் கேட்டேன் டீச்சர். ஒரே ஒரு நாளு."

பொய் சொல்லத் தெரியாதவன். அடுத்த ஞாயிறு வேறொருவர் வண்டி ஓட்டினார்.

இரண்டு வாரத்தில் பேட்டரி மறுபடியும் செத்தது. சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாட்டிவிட்டு டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டேன். காலை நேரம், வண்டி வெயிலைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் ஒன்று மட்டும் கதகதப்பாக இருந்தது. ஒரு சின்னப் பெட்டி. நான் வைத்த பெட்டி!

பல வருடங்களுக்கு முன் டீச்சர் வேளாங்கண்ணியிலிருந்து மாதா சுரூபம் வாங்கி வந்திருந்தார். சுற்றிலும் சீரியல் பல்பு, வீட்டு பிளக்கில் சொருகுவது. அது காரில் எரிய வேண்டும், வண்டி நின்றாலும் மாதா முன்னால் வெளிச்சம் அணையக் கூடாது என்றார். பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி ஒன்றை வைத்து, பேட்டரியிலிருந்தே நேராக வயர் இழுத்தேன். பிறகு பல்புகள் போய்விட, சுரூபத்தை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டார். பெட்டியை யார் கழற்றுவது என்று நான் அப்படியே விட்டுவிட்டேன். பல்பு இல்லாமலும் அது குடித்துக்கொண்டிருந்த கரண்ட், வண்டி தினமும் ஓடிய காலத்தில் திரும்ப ஏறிவிட்டது. வண்டி நின்றதும் ஏறவில்லை. விளக்கு எரிந்தபோது சாகாத பேட்டரி, விளக்கை எடுத்த பிறகு செத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? பாருங்கள், உங்களிடமே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வயரை வெட்டி, பெட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"என்ன கோளாறுப்பா?"

"எர்த் வயரு லூசு டீச்சர். சரியாயிட்டு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அவன் பாட்டுக் கேட்டதுனால இல்லியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. நான், "அதும் இருக்கும் டீச்சர்" என்றேன். முதல் தடவை தெரியாமல் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை? பயமா, வெட்கமா, வெறும் பழக்கமா?

போன மாதம் கருப்பசாமி கடைக்கு வந்தான். புதியம்புத்தூரில் துணி ஏற்றும் வேன் ஓட்டுகிறானாம்.

"அண்ணாச்சி, வேன்ல ரேடியோவைக் கழட்டிருங்க. பேட்டரி இறங்கிட்டுன்னா இவியளும் என்னைய நிப்பாட்டிருவாவ."

வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன்.

அதற்குள் அவன், "அன்னைக்கு நீங்க சொல்லலன்னா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது அண்ணாச்சி" என்றான். நன்றியோடுதான் சொன்னான்.

நான் ஸ்குரூடிரைவரை எடுத்தேன். நான்கு திருகாணிகள். ரேடியோவைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன்.