சாமியறையில் வைத்த துவக்கு

என் கணவருக்குப் பழைய துவக்குகள், அதாவது வேட்டைத் துப்பாக்கிகள், என்றால் பைத்தியம். இதை நான் வெளியில் சொல்வதில்லை. கோயிலில் யாராவது "அண்ணை லீவு நாளில என்ன செய்யிறவர்?" என்று கேட்டால் "மர வேலை" என்று சொல்லி நழுவிவிடுவேன். அது முழுப் பொய்யும் இல்லை. கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பேஸ்மென்றில் அவர் செய்வதில் பாதி மர வேலைதான். விட்பிக்கு அப்பால் உள்ள பண்ணை வீடுகளில் யாராவது கிழவர் இறந்து, பிள்ளைகள் வீட்டுச் சாமான்களை விற்கத் தொடங்கினால் இவர் அங்கே போய் நிற்பார். துருப்பிடித்த, பிடி மரக்கட்டை வெடித்த இரட்டைக்குழல் வேட்டைத் துவக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு, புதையல் எடுத்தவரின் முகத்தோடு திரும்பி வருவார். பிறகு மாதக்கணக்கில் அதோடுதான் குடித்தனம்.

கட்டையில் அடிபட்டு நசிந்த இடத்தில் ஈரத்துணியைப் போட்டு, அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைப்பார். ஆவி ஏற ஏற, நசிந்த மரம் மெல்ல மேலே எழும்பி வரும். அதற்கு அவர் எடுத்தது என் இஸ்திரிப் பெட்டியை. கோயிலுக்கு உடுக்க வைத்திருந்த வெள்ளைச் சேலையில் பழுப்புக் கறை பிடித்த அன்று நான் போட்ட சத்தத்தில் அவர் எனக்குப் புதிதாக ஒன்று வாங்கித் தந்துவிட்டு, பழையதைத் தன் மேசையில் நிரந்தரமாக வைத்துக்கொண்டார். கட்டைக்கு லின்சீட் எண்ணெயை உள்ளங்கையால் தேய்ப்பார். என் முதுகுக்கு ஒரு நாளும் எண்ணெய் தேய்த்தவரில்லை.

அவர் இவற்றைப் பார்வைக்கு வைக்கிறவரும் இல்லை. திருத்திய துவக்கு ஒவ்வொன்றும் ஒரு தடவையாவது காட்டு வாத்து வேட்டைக்கு, எங்கள் பேச்சில் தாரா வேட்டைக்கு, போகவேண்டும். எங்கள் குடும்பத்தில் வேட்டைக்குப் போகிறவர்கள் அவரும் மகளும். மகள் இங்கே பிறந்தவள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கென்று சொந்தமாக லைசென்ஸ் இருக்கிறது. அவளுடைய தோளுக்குப் பொருந்தும்படி ஒரு சின்னத் துவக்கின் கட்டையை அறுத்துக் குறைத்துக் கொடுத்திருந்தார். கல்யாண நகை செய்து கொடுத்திருந்தால்கூட அவ்வளவு பெருமைப்பட்டிருக்க மாட்டார்.

எனக்குத் துவக்கைக் கண்ணில் காட்டக் கூடாது. நான் வளர்ந்த ஊரில், சண்டைக் காலத்தில், துவக்கோடு ஒருவர் வாசலுக்கு வந்தால் வீட்டில் ஓர் ஆள் குறையப்போகிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் குறைந்தது என் அண்ணன். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்து வந்த இடத்தில், நான் பெற்ற பிள்ளையே அதைத் தோளில் வைக்கிறாள். எத்தனையோ தரம் சண்டை பிடித்தேன். "உது வேற, இது வேற. இது தாராவுக்கு" என்பதுதான் அவருடைய பதில்.

ஆனால் கவனத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. துவக்குக்கு ஒரு பூட்டு, அலுமாரிக்கு ஒரு பூட்டு, தோட்டாக்களுக்கு வேறொரு பூட்டு. குழலுக்குள் ஒரு காய்ந்த இலை, கொஞ்சம் சேறு, ஒரு பிடி பனி இருந்தாலே போதும், சுடும்போது குழல் பிளந்து கை போய்விடும் என்று சோறு சாப்பிடும்போதும் பாடம் நடத்துவார். கேட்டுக் கேட்டு எனக்கும் அது மனப்பாடம்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு அவருடைய அக்கா, என் மச்சாள், பிறம்ரனில் இருந்து வந்து நின்றார். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அவர் சொன்னால் என் கணவர் மறுபேச்சுப் பேசமாட்டார். சாமியறையில் என் தையல் மெசின், மகளின் ஸ்ரெதஸ்கோப், கார்த் திறப்புக் கொத்து, லப்ரொப் எல்லாம் வரிசையாக ஏறின. பிறகு இவர் மெதுவாக, மகளின் சின்னத் துவக்கையும் தன்னுடைய பெரிய துவக்கையும், விசைகளுக்குப் பூட்டுப் போட்டபடி கொண்டுவந்து சுவரில் சாத்தினார். நான் வாயைத் திறக்குமுன் மச்சாள் சொன்னார்:

"ஆயுத பூசை எண்டு பேரை வச்சிட்டு ஆயுதத்தை விலக்கேலுமே? இருக்கட்டும்."

பூசையில் வைத்ததை விசயதசமியன்று எடுத்துக் கொஞ்சமாவது பாவிக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். நான் ஒரு துண்டுத் துணி தைப்பேன். மகள் ஸ்ரெதஸ்கோப்பை என் நெஞ்சில் வைத்து "அம்மா, ஹார்ட் இருக்கு" என்பாள். இந்த முறை அப்பாவும் மகளும் விடியமுன் சதுப்பு நிலத்துக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. நல்ல நாளில் உயிர்க்கொலையா என்று மச்சாள் முகத்தைச் சுளித்தார். தாரா விழுந்தால் மச்சாளின் விரதம் முடியும் திங்கட்கிழமை வரைக்கும் பிரீசருக்குள் வைப்போம், அவர் கண்ணில் காட்டமாட்டோம் என்று சமாதானம் பேசினார்கள். பிரீசருக்குள் பாவம் உறைந்துவிடும் போலும்.

போவதுதான் போகிறார்கள், சாமியின் காவலோடு போகட்டும் என்று மச்சாள் நினைத்திருக்கவேண்டும். மற்ற எல்லாவற்றையும்விடத் துவக்குகளைத்தான் பார்த்துப் பார்த்து அலங்கரித்தார். கட்டைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். எண்ணெய் போட்ட மரத்தில் சந்தனம் ஏறியதைப் பார்த்து என் கணவருக்கு உயிர் போய் வந்தது, என்றாலும் அக்கா கேட்ட குங்குமச் சிமிழை எடுத்துக் கொடுத்தார். குழல்களின் வாயில் மஞ்சள் செவ்வந்திப் பூக்கள் நிமிர்ந்து நின்றன. "மாமி, பூச்சாடி மாதிரி இருக்கு" என்று மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். துவக்கைப் பார்த்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

காலையில் நான் எழும்பியபோது அவர்கள் போய்விட்டார்கள். வெளியே அப்போதுதான் வெளுத்துக்கொண்டு வந்தது. மச்சாள் முழுகிவிட்டுச் சாமியறையில் பழைய பூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"குழாயில வச்ச பூவை எடுத்துத் தட்டில போட்டிருக்கினம். பஞ்சை எங்க போட்டவை? குப்பைக்குள்ளயோ? சாமிக்கு வச்சதெல்லே."

"என்ன பஞ்சு, மச்சாள்?"

"பூ சரிஞ்சு சரிஞ்சு உள்ளுக்குப் போச்சுது. அதான் பஞ்சை உருட்டி உள்ளுக்கு அடைச்சுப்போட்டு, அதுக்கு மேல குத்தினனான்."

நான் குப்பை வாளியைக் கவிழ்த்துக் கொட்டினேன். தேயிலைச் சக்கை, அவல் பை, வாழைப்பழத் தோல். பஞ்சு இல்லை. மேலே வந்து சாமியறை மூலைகளைத் தடவினேன். அங்கேயும் இல்லை. கணவருடைய போனுக்கு அடித்தேன். மகளுடையதுக்கு அடித்தேன். தாரா கலைந்துவிடும் என்று இரண்டு பேரும் போனைக் காரில் விட்டுவிட்டுத்தான் தண்ணீருக்குள் இறங்குவார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மாறி மாறி அடித்தேன். அவர்கள் போன இடம் விட்பிக்கும் அப்பால் என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. ஒரு நாளும் கேட்டதில்லை, கேட்க எனக்கு விருப்பம் இருந்ததில்லை.

"ஏன் பிள்ளை, பஞ்சுதானே?" என்றார் மச்சாள்.

"உங்கட பஞ்சால என்ர பிள்ளையின்ர கை போகப்போகுது மச்சாள்!"

அவ்வளவு கொடுமையாக நான் யாரோடும் பேசியதில்லை. அவர் நிலத்தில் இருந்துவிட்டார். நான் அவரைத் தூக்கவில்லை. முதலில் அவர்மேல் எரிந்தேன், பிறகு கணவர்மேல், பிறகு பெற்ற மகள்மேல். கடைசியில் சாமியையும் விடவில்லை. உன் முன்னால் வைத்துத்தானே இது நடந்தது என்று திட்டினேன். திட்டிய வாயாலேயே கெஞ்சினேன். நான் கேட்டதெல்லாம் பிள்ளையின் கை, கண், முகம், இவ்வளவும்தான். கணவருக்காகத் தனியாக ஒன்றும் கேட்கவில்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

போன் வந்தபோது வெயில் குசினி அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது.

"அம்மா, நாங்கள் ஓகே. இவ்வளவு மிஸ்ட் கோல் ஏன்? வீட்டை வாறம்," என்றாள் மகள். அவளுடைய குரலில் உயிர் இல்லை. நான் பஞ்சு என்று தொடங்கினேன். "தெரியும் அம்மா," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை மகள்தான் சொன்னாள். அப்பா போன வழியில் அவள் பின்னால் போயிருக்கிறாள். தோட்டா போடுமுன் வழக்கம்போலத் துவக்கைத் திறந்து, குழலை வானத்துப் பக்கம் பிடித்துப் பார்த்தாளாம். இரண்டு குழலும் இருட்டு. முதலில் விளங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால், கொஞ்சம் தள்ளி அப்பா தோட்டா போட்டுத் துவக்கைத் தோளில் வைத்துவிட்டார், தாராக் கூட்டம் தாழ்ந்து வருகிறது. இவள் கத்திய கத்தலில் அவ்வளவும் கலைந்து போய்விட்டன. அவருக்குக் கோபம் வந்து ஏசத் தொடங்கினாராம். "திறந்து பாருங்கோ" என்றாளாம். பார்த்தவர் அந்தச் சேற்றிலேயே குந்திவிட்டாராம்.

"சாமியறையில இருந்து எடுத்ததுதானே எண்டு நினைச்சிட்டன்," என்றார் என் கணவர். வழி முழுக்க அவர் பேசியதும் அந்த ஒரு வசனம்தானாம். கடையில் வாங்கிய புதுத் துவக்கைக்கூட நம்பாமல் மூன்று தரம் பார்க்கிற மனுசன், அக்கா பொட்டு வைத்துத் தந்ததைத் திருப்பிப் பார்ப்பது சாமியைச் சந்தேகப்படுவது போல இருந்தது என்றார்.

மச்சாள் அழுதுகொண்டு வந்து மகளின் இரண்டு கைகளையும் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். மகள் அவரைக் கட்டிப்பிடித்தாள்.

"உங்கட பிழை இல்லை மாமி. உங்களுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும்."

அதைச் சொன்னபோது அவள் அப்பாவைப் பார்க்கவில்லை.

நான் சோறு போட்டேன். யாராவது சாப்பிட்டால் வீடு பழையபடி வந்துவிடும் என்று நினைத்தேன். எனக்குள் ஒரு பேராசையும் இருந்தது. இவ்வளவு நடந்த பிறகு இந்த வேலை இன்றோடு முடிந்துவிடும் என்ற ஆசை. அதனால் கேட்டேன்:

"அப்ப இனி நீ உந்த வேட்டைக்குப் போகமாட்டாய்தானே?"

"போவன் அம்மா," என்றாள். தட்டைத் தள்ளி வைத்தாள். "அப்பாவோட போகமாட்டன்."

மச்சாள் அழுகையை நிறுத்திவிட்டார்.

"சொறி அப்பா. குழல் பாக்காத ஆளோட, அது ஆரா இருந்தாலும், துவக்கோட நிக்கக் கூடாது எண்டு நீங்கள்தானே எனக்குச் சொல்லித் தந்தனீங்கள்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும், அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவர் தலையை ஆட்டினார்.

"ஓம் பிள்ளை. சொன்னனான். நீ செய்யிறதுதான் சரி."

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அந்த மனுசன் மகளோடு துவக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் போகவேண்டும் என்று, இந்தக் கல்யாணத்தில் முதல் தடவையாக, நான் மனதார ஆசைப்பட்டேன்.