மருந்து பண்ணிட்டு இருக்காங்க

பாப்பா, தம்பி, அம்மா கைக்கு என்ன என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் வாயு என்று சொல்லிவிட்டேன். அது வாயு இல்லை. அப்பாவுக்குப் புரிந்தவரை எழுதுகிறேன்.

முதலில் தெரிந்தது ஏரியூர் பஸ்ஸில். இறங்கும்போது, கம்பியைப் பிடித்த அவள் கை விரியவில்லை. “ஏம்மா, கம்பியக் கழட்டி வூட்டுக்கு எடுத்துட்டுப் போறியா?” என்றார் கண்டக்டர். எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும்தான். நான் விரல் விரலாகப் பிரித்துவிட்டேன்.

சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கினார். “மரபணுவ ஒரிஜினல் பத்திரம்னு வச்சுக்கங்க. உடம்பு அதுலேர்ந்து எடுக்கற ஜெராக்ஸ்தான் ஆர்.என்.ஏ. இவங்க ஜெராக்ஸ்ல மூணே எழுத்து நூத்துக்கணக்கான தடவ திரும்பத் திரும்ப விழுது. அது மடங்கி முடிச்சாகி, தசைக்கு வேண்டிய ஒரு புரதத்தப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது. அதான் இவங்க பிடிச்ச கை விரிய மாட்டேங்குது.”

“அந்த முடிச்ச அவுக்க முடியாதுங்களா?”

“அந்த மடிப்புல கச்சிதமாப் போய் உக்கார்ற மாதிரி, சின்ன மூலக்கூறா ஒரு மருந்து பண்ணிட்டு இருக்காங்க. உக்காந்தா புரதம் வெளிய வந்துரும்.”

டீ போட்டுட்டு இருக்காங்க என்றால் நாம் உட்கார்ந்து காத்திருப்போம் அல்லவா? நானும் அம்மாவைக் கூட்டிப்போய் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தேன். கூட்டமெல்லாம் வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஜன்னல்காரர் எட்டிப் பார்த்தார்.

“சீட்டு எங்கீங்க?”

“சீட்டு இல்லீங்க. உள்ள பண்ணிட்டு இருக்காங்கன்னு சொன்னாங்க.”

“உள்ள நான் ஒருத்தன்தான் இருக்கறங்க. நான் டீகூடப் போடல.”

திரும்ப ஓடினேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. “ஆராய்ச்சிக்கூடத்துலங்க. எந்த வடிவம் பொருந்தும்னு ஒண்ணொண்ணா செஞ்சு பாக்கறாங்க. வேற இடத்துல போய் ஒட்டிக்கக் கூடாது. நாளாகும்.”

“எத்தன வருசங்க?”

“தெரியலீங்க.” பிறகு கேட்டார், “பசங்க எத்தன பேரு?”

“ரெண்டுங்க.”

“இது பரம்பரையா வர்றது. அவங்களுக்கும் பாதிக்குப் பாதி வர வாய்ப்பு இருக்கு.”

இரண்டில் பாதி ஒன்று. ஒருவருக்கு வரும், ஒருவர் தப்பிப்பீர்கள் என்று நான் கணக்குப் போட்டேன். யார் தப்பிக்கட்டும் என்றுகூட மனசு ஒரு நொடி யோசித்துவிட்டது. அப்படி இல்லையாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பாதியாம். இரண்டு பேருக்கும் வரலாம், இரண்டு பேருக்கும் வராமலும் போகலாம். என் கணக்கு தப்பு. யோசித்தது அதைவிடத் தப்பு. என்னை மன்னித்துவிடுங்கள்.

பாப்பா, போன வாரம் வீட்டுப்பாடம் முடித்த பிறகும் பேனாவைக் கீழே வைக்க உன்னால் முடியவில்லை. விளையாட்டுப்போல அதை ஆட்டிக்கொண்டிருந்தாய். நான் பார்த்துவிட்டேன். மருந்து வருகிற வேகத்தைவிட நீ வளர்கிற வேகம் எனக்குப் பயமாக இருக்கிறது. யாரிடம் போய்க் கெஞ்சுவது என்றும் தெரியவில்லை.

இறுக்கிப் பிடித்தால்தான் கை மாட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அம்மாவும் கடைக்குப் போன பிறகு, அடுப்படியில் இருந்த ஒவ்வொரு டப்பாவின் மூடியையும் அரைச் சுற்று தளர்த்தி வைத்தேன். கடைசியாக, பாப்பாவின் தண்ணீர் பாட்டிலையும்.