முன்னால் முப்பத்து மூன்று, பின்னால் முப்பத்தொன்பது

சரக்கு லாரிகள் வந்து போகும் அந்த வளாகத்தில் தராசக்காவின் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. பதினேழு வருடமாக எடைமேடையை ஒட்டிய கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பவளுக்கு டிரைவர்கள் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. லாரி வாசலில் திரும்பும்போதே டயரின் வயிறு எவ்வளவு பிதுங்கியிருக்கிறது என்று பார்த்து, "இருபத்திரெண்டு டன்னு, மேல கொஞ்சம் இருக்கும்" என்பாள். மேடையில் ஏறினால் முன்னே பின்னே அதுவேதான் வரும். ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே நிறுத்துவது, காலி வண்டியின் எடையைக் கூட்டிக் காட்ட சீட்டுக்கு அடியில் ஆளைப் படுக்கவைப்பது என்று எல்லாத் தில்லுமுல்லும் அவளுக்கு அத்துப்படி. அவளிடம் யாருடைய பருப்பும் வேகாது.

அப்பேர்ப்பட்டவள் வீட்டுக் காரின் காற்று விஷயத்தில் கோட்டை விட்டாள்.

காரணம் இல்லாமல் இல்லை. நாள் முழுக்க நூறு பவுண்டுக்கு மேல் காற்றடித்த லாரி டயர்களையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்குக் கார் என்பது ஒரு தீப்பெட்டி. அதற்கெல்லாம் ஒரு கணக்கா? போன வருடம் குடும்பத்தோடு நெடுந்தூரம் கிளம்பியபோது, வண்டி குலுங்குகிறது, இடுப்பு விட்டுப்போகிறது என்று மாமனார் முனகினார். மாமனார் தபால் நிலையத்தில் உட்கார்ந்தே முப்பது வருடம் வேலை பார்த்தவர், இடுப்பைப் பற்றிப் பேச அவருக்குத் தகுதி உண்டு. தராசக்காவும் பெரிய மனது பண்ணி நான்கு டயரிலும் காற்றை இருபத்து நான்குக்கு இறக்கிவிட்டாள். வண்டி மெத்தை மாதிரி போனது. மாமனார் தூங்கியே போனார். நல்ல வெயிலில் நூறு கிலோமீட்டர் தாண்டியதும் பின்பக்க இடது டயர் படாரென்று வெடித்தது.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து வண்டியை ஓரங்கட்டிவிட்டாள். ஆனால் சாலையோரப் பஞ்சர் கடைக்காரர் கிழிந்த டயரின் உட்புறத்தைத் தடவிப் பார்த்து, அவளை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு, "காத்துக் குறைச்சலா ஓடியிருக்கும்மா. இத்தனை பேரோட இந்தக் காத்துல ஓட்டுனா சூடேறிக் கிழியாம என்ன பண்ணும்?" என்றார். தராசக்கா அந்தப் பேச்சை அங்கேயே மென்று விழுங்கிவிட்டாள். ஊருக்கெல்லாம் எடை சொல்கிறவள் தன் வீட்டு எடைக்குக் காற்று வைக்கத் தெரியாதவள் என்று பெயரெடுக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

அன்றிலிருந்து அண்ணி அந்தக் காரில் ஏறவே இல்லை.

அண்ணி என்றால் கணவரின் அக்கா. இவர்களோடுதான் இருக்கிறார். துணிக்கடை ஒன்றில் ஆயத்த உடைகளை ஆளுக்குத் தகுந்தபடி பிடித்தும் பிரித்தும் தைத்துக் கொடுப்பது வேலை. பருத்த உடம்பு, அதைவிடப் பருத்த சிரிப்பு. அவர் சிரித்தால் பக்கத்து வீட்டில் என்ன விஷயம் என்று கேட்பார்கள். தாய் போன பிறகு நான்கு வயதுத் தங்கையை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அந்தச் சின்னவளுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதமாகிறது. கார் என்றால் ஐந்து மணி நேரம். பஸ் என்றால் மூன்று பஸ் மாற வேண்டும், அண்ணியின் முழங்கால் அதற்கு ஒத்துழைக்காது. "நீங்க போயிட்டு வாங்க, நான் அப்புறமா வரேன்" என்று அவர் நாளைக் கடத்திக்கொண்டே இருந்தார். பயந்துவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். போன வாரம் சின்னவள் தராசக்காவிடம் போனில் தேம்பித் தேம்பி அழுதாள். "அண்ணி, நீங்க எப்படியாவது அக்காவைக் கையோட கூட்டிட்டு வந்துடுங்க." தராசக்கா வாக்குக் கொடுத்துவிட்டாள். அதே அழுகையை அண்ணியும் கேட்டிருப்பார் போலிருக்கிறது, மறுநாளே "சரி, வரேன்" என்றார்.

தராசக்காவுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. கூடவே பயமும் பிடித்துக்கொண்டது. அண்ணி இந்த ஒரு தடவைதான் ஏறுவார். இந்தத் தடவையும் ஏதாவது ஆனால், அக்காவும் தங்கையும் போனிலேயே பேசிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகவே காரை வாங்கி ஆறு வருடம் கழித்து, டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, அங்கே ஒட்டியிருந்த காற்று அளவுச் சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். இரண்டு வரிசை இருந்தது. மூன்று பேரும் கொஞ்சம் சாமானும் என்றால் நான்கு டயருக்கும் முப்பது. முழுச் சுமை என்றால் முன்னால் முப்பத்து மூன்று, பின்னால் முப்பத்தொன்பது. இருபத்து நான்கு எந்த வரிசையிலும் இல்லை. அவளுக்குக் காது மடல் சூடானது.

இன்னொருத்தி என்றால் ஐந்து பேர், முழுச் சுமைதான் என்று காற்றை அடித்துவிட்டுப் போயிருப்பாள். தராசக்காவால் முடியுமா? எடை தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது. இந்தக் கார் மொத்தம் எவ்வளவு தாங்கும் என்று புத்தகத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டு, ஒரு தாளோடு வீட்டில் ஆள் ஆளாகப் போய் நின்றாள்.

மாமனார் ஐம்பத்தெட்டு என்றார். கணவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு எழுபத்தொன்று என்றார். பன்னிரண்டு வயது மகள், "அதெல்லாம் கேக்கக் கூடாதும்மா" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கடைசியில் நாற்பத்தொன்று என்று தாளில் தானே எழுதினாள். அண்ணி தையல் இயந்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், "எண்பத்தி நாலு, எழுதிக்கோ" என்றார்.

தன்னுடைய அறுபத்து மூன்றையும் சேர்த்துக் கூட்டி, பொய்க்கு என்று தனியாகப் பத்துக் கிலோ போட்டுக்கொண்டாள். மனுஷன் தன் எடையைச் சொல்லும்போது ரெண்டு மூணு கிலோவை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவான் என்பது அவள் அனுபவம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால், எல்லோரையும் ஏற்றிக்கொண்டு நேராக எடைமேடைக்கு விட்டாள். வளாகம் வெறிச்சோடிக் கிடந்தது. பெட்ரோல் நிரப்பிய காலிக் காரை முந்தின நாளே எடை போட்டு வைத்திருந்தாள், தொள்ளாயிரத்து அறுபது. பெட்டிகள் நாற்பத்தைந்து. அவள் கணக்குப்படி இப்போது ஆயிரத்து முந்நூற்று முப்பது வர வேண்டும்.

மேடைக்கு எதிரே கம்பத்தில் இருந்த பெரிய பலகையில் சிவப்பு எண்கள் ஓடி நின்றன. ஆயிரத்து முந்நூற்றுப் பத்து.

இருபது கிலோ குறைகிறது! கூடியிருந்தால் புரிந்துகொள்ளலாம். பதினேழு வருடத்தில் மனிதர்கள் எடையைக் குறைத்துச் சொல்லித்தான் பார்த்திருக்கிறாள், கூட்டிச் சொல்லிப் பார்த்ததில்லை.

"மேடையில கோளாறா?" என்றார் கணவர்.

"என் மேடையில கோளாறா?" என்று அவள் திரும்பிய வேகத்தில் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். "ஒவ்வொருத்தரா இறங்குங்க. நான் பாத்துக்கறேன்."

முதலில் மகள் இறங்கினாள். அந்த மேடை ஐந்து ஐந்தாகத்தான் எண்ணும். நாற்பது குறைந்தது, சரி. மாமனார் இறங்கினார், அறுபது குறைந்தது, அதுவும் சரி. கணவர் இறங்கினார். எழுபத்தைந்து!

"அப்பா பொய் சொல்லிட்டாங்க!" என்று மகள் குதித்தாள்.

"ஷூ போட்டிருக்கேன்ல?" என்றார் அவர். ஷூவின் எடை எவ்வளவு என்று சண்டை போட்டபடியே மூவரும் வேப்பமரத்தடிக் குழாய்ப் பக்கம் நடந்தார்கள்.

காரில் அண்ணி மட்டும் இருந்தார்.

"நானும் இறங்கணுமா?" என்றார்.

"ஒரு நிமிஷம் அண்ணி, சும்மா இறங்கிட்டு ஏறிடுங்க."

அண்ணி கதவைத் திறந்து மெதுவாகக் காலை ஊன்றினார். சிவப்பு எண்கள் ஓடின, நின்றன. தராசக்கா பலகையைப் பார்த்தாள். பிறகு தன் தாளைப் பார்த்தாள். அறுபத்தைந்துதான் குறைந்திருந்தது.

அவள் இறங்கி வந்து அண்ணியை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரே வீட்டில் தினமும் பார்க்கிற உடம்பு. கழுத்தெலும்பு தெரிந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. உடுப்பு மட்டும் தொளதொளக்கவே இல்லை, அளவெடுத்துத் தைத்ததுபோல் கச்சிதமாக இருந்தது. தொளதொளத்திருந்தால் யார் கண்ணிலாவது பட்டிருக்கும். ஆனால் அண்ணி தையல்காரி. உடம்பு வற்ற வற்ற, பக்கத் தையலைப் பிரித்து உள்ளே பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். லாரி டயரின் பிதுக்கத்தை வாசலிலேயே கண்டுபிடிக்கிறவளுக்கு இது கண்ணில் படவில்லை.

"உடம்புக்கு ஏதாவதா அண்ணி? டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா? எங்ககிட்ட மறைக்கிறீங்களா?" என்று அண்ணியின் கையைப் பிடித்தாள்.

"சீ, அதெல்லாம் ஒண்ணுமில்ல. நான்தான் குறைச்சேன்."

"எதுக்கு?"

அண்ணி காரின் பின்பக்க இடது டயரைப் பார்த்தார். "மறுபடி வெடிச்சுடக் கூடாதில்ல."

தராசக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த நொடி எல்லாம் புரிந்தது. போன வருடம், மாற்று டயர் போட்டுக் கிளம்பியதும், ஏன் வெடிச்சுது, ஏன் வெடிச்சுது என்று மாமனார் துளைத்தெடுத்தார். பேச்சை மாற்றுவதற்காக அவள்தான் சொன்னாள்: "அண்ணி உக்காந்த பக்கம் மாமா. பாவம், டயரு என்ன பண்ணும்?" கார் முழுக்கச் சிரிப்பு. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது அண்ணிதான். அவள் அதை அன்றே மறந்துவிட்டாள்.

"மதியம் கடையிலேயே சாப்பிட்டேன், ராத்திரி பசிக்கலன்னு நீங்க சொன்னதெல்லாம்..." என்றாள் தராசக்கா.

"சும்மா சொன்னதுதான். ஒரு வேளைதான் சாப்பிடறேன் இப்பல்லாம். இன்னும் அஞ்சு கிலோ குறைச்சுட்டு ஏறலாம்னு இருந்தேன். அதுக்குள்ள சின்னவ அழுதுட்டா."

"அப்புறம் ஏன் எண்பத்தி நாலுன்னு சொன்னீங்க?"

"நிஜத்தைச் சொன்னா ஏன் இளைச்சேன்னு கேப்பீங்க. என்னன்னு சொல்றது?"

வெட்கம் தராசக்காவைப் பிடுங்கித் தின்றது. இதற்கு மேல் விழுங்க அவளால் முடியவில்லை. "அண்ணி, அது உங்க எடையால வெடிக்கல. நான்தான் காத்தைக் குறைச்சு வெச்சேன். இருபத்தி நாலு வெச்சேன். முப்பத்தி ஒன்பது வேண்டிய இடத்துல. பஞ்சர் கடைக்காரர் அன்னைக்கே எங்கிட்டச் சொன்னாரு. நான் மறைச்சுட்டேன். என்னை மன்னிச்சுடுங்க."

பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற அந்தச் சிரிப்பு வரும் என்று தராசக்கா உள்ளூர எதிர்பார்த்தாள். வந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அது வரவில்லை.

"அன்னைக்கு எல்லாரும் இருக்கும்போதுதானே சொன்னே?" என்றார் அண்ணி. "இப்பவும் எல்லாரும் இருக்கும்போது சொல்லு. அப்பதான் ஏறுவேன்."

நியாயம்தான். தராசக்கா குழாய்ப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். மூவரும் சிரித்தபடி வந்தார்கள். மேடை நடுவில் நின்று, டன் கணக்கில் பொய்களைப் பிடித்தவள் தன் பொய்யை ஒன்றுவிடாமல் சொன்னாள். இருபத்து நான்கையும் சொன்னாள், பஞ்சர் கடைக்காரர் சொன்னதையும், டயர் என்ன பண்ணும் என்ற பேச்சையும், அண்ணி ஒரு வருடமாக என்ன செய்தார் என்பதையும் சொன்னாள். சொல்லும்போது மகளின் முகத்தைப் பார்க்க மட்டும் அவளால் முடியவில்லை. கணவரின் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"நான்தானே குலுங்குதுன்னு சொன்னேன்..." என்று மாமனார் ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்கப்பா. அவ சொல்லி முடிக்கட்டும்," என்றார் அண்ணி.

சொல்லி முடித்ததும் அவள் வளாகத்துக் காற்று இயந்திரத்துக்குக் காரைக் கொண்டுபோய், டயர் சூடேறும் முன்பே, முன்னால் முப்பத்து மூன்று, பின்னால் முப்பத்தொன்பது என்று அடித்தாள். அண்ணி பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு டயருக்கும் எண்ணைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"வண்டி கொஞ்சம் குலுங்கும்," என்றாள் தராசக்கா, யாரையும் பார்க்காமல்.

"குலுங்கட்டும்," என்றார் அண்ணி. அதே இடது பக்கக் கதவைத் திறந்து ஏறினார். முதலில் இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு, தம்பி மகளைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, தன் முழு எடையையும் கொடுத்துச் சாய்ந்துகொண்டார்.