ஏழாம் வீட்டுச் சனியைப் பார்த்தவள்

கொக்குவில் கேதீஸ்வரிக்குச் சாதகத்தில் ஏழாம் வீட்டில் சனி. கல்யாணம் பிந்தும், நடந்தாலும் நிம்மதி இராது என்று சாத்திரியார் குறிப்பு எழுதும்போதே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் சனி, கிணற்று மோட்டர் நின்றாலும் சனி. தாய் இராசமலர் புரட்டாதிச் சனிக்கிழமைகளில் மகளைக் கோவிலுக்குக் கூட்டிப்போய் எள்ளெண்ணெய் எரிப்பாள். கேதீஸ்வரியும் மறுக்காமல் போவாள். அன்றைக்கு மட்டும் அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும், அதற்காக.

யாழ்ப்பாண நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் அவளுக்கு வேலை. பலகையில் உள்ள எழுத்தை வாசிக்க முடியாமல் யாராவது கூச்சப்பட்டால், "எழுத்து வடிவாய் அடிக்கேல்லை, உங்கடை கண்ணிலை பிழையில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த வில்லையை மாட்டுவாள். அவளிடம்தான் கண்ணாடி போடவேண்டும் என்று தீவுப்பகுதியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். பெண் பார்க்க வந்தவர்களோ வடையையும் தேத்தண்ணீரையும் முடித்துக்கொண்டு சாதகத்தை வாங்கிப் போவார்கள். சாதகம் மட்டும் திரும்பி வரும்.

2022ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து தமையன் ஜெயதீபன் வருவதாக இருந்தது. என்ன கொண்டுவர என்று தொலைபேசியில் கேட்டான்.

"அண்ணை, சொக்லேற் வேண்டாம். ஒரு ரெலஸ்கோப் கொண்டு வாங்கோ."

"உனக்கேனடி ரெலஸ்கோப்?"

"சனி முப்பத்தைஞ்சு வருஷமாய் என்னைப் பாக்குதாம். ஒருக்கா நான் அதைப் பாக்கப்போறன்."

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் அது. பொழுதுபட்டால் கரண்ட் நின்றுவிடும். ஊர் இருண்டு கிடக்க, வானம் மட்டும் நட்சத்திரங்களைக் கொட்டிவைத்த மாதிரி நிறைந்திருந்தது. வீட்டின் தட்டையான கூரையில் தமையன் கொண்டுவந்த தொலைநோக்கியை நிறுத்தி, கிழக்கே மஞ்சளாக நின்ற புள்ளியைத் தேடிப் பிடித்தாள் கேதீஸ்வரி. நெளிந்து நெளிந்து ஆடியது மெல்லத் தெளிந்தது. சின்னஞ்சிறு உருண்டை, அதைச் சுற்றி ஒரு வளையம். ஒட்டாமல், தொடாமல், அந்தரத்தில்.

"அம்மா! ஓடி வாங்கோ!"

இராசமலர் படியடியில் நின்றபடியே கையை விரித்தாள். "சனீஸ்வரனை நேருக்கு நேர் பாக்கக்கூடாது பிள்ளை. நீயும் இறங்கு."

இறங்கவில்லை. அன்றிலிருந்து கடை விட்டு வந்தால் அவளுக்கு வானம்தான். கைத்தொலைபேசியில் தேடித் தேடி வாசித்தாள். அந்த வளையம் ஒரே தட்டு இல்லை, எண்ணமுடியாத பனிக்கட்டித் துண்டுகள் என்று அறிந்தாள். தூசியளவும் உண்டு, வீட்டளவும் உண்டு; ஒவ்வொன்றும் தன்பாட்டில் சனியைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. வியாழனுக்கும் யுரேனசுக்கும் நெப்தியூனுக்கும்கூட வளையம் உண்டு, கண்ணுக்குப் பிடிபடாத அளவுக்கு மங்கல். சனியின் வளையம் எப்படி வந்தது என்பதில்தான் விஞ்ஞானிகளுக்குள் சண்டை. கோள் பிறந்தபோதே வந்தது என்று சிலர், மிகப் பிந்தி ஒரு சந்திரன் கிட்டப்போய் உடைந்ததால் வந்தது என்று சிலர். "இன்னும் சரியாகத் தெரியாது" என்று அவர்கள் எழுதியிருந்த இடத்தைக் கேதீஸ்வரி திரும்பத் திரும்ப வாசித்தாள். சாத்திரியார் ஒருநாளும் தெரியாது என்று சொன்னதில்லை.

அயலில் அவளுக்குச் 'சனி கேதீஸ்' என்று பேர் விழுந்தது. வளையம் பார்க்க வருகிறவர்களே அப்படிச் செல்லமாகக் கூப்பிட்டதால் அவளுக்குக் கோபம் வரவில்லை.

2025 ஐப்பசியில் மழை விட்ட ஒரு முன்னிரவில் மறுபடி பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை மயூரதன் உரும்பிராய்க்காரன், குருநகர் ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரம் பார்ப்பவன். நாற்பது தாண்டியவன், அதிகம் கதைக்காதவன். கூட வந்த தமக்கை சுவர்ணா இருவருக்குமாகச் சேர்த்துக் கதைத்தாள்.

"நீங்கள் சனியின்ரை வளையம் காட்டுவீங்களாமே. எங்களுக்கும் காட்டுங்கோவன்."

கேதீஸ்வரி தயங்கினாள். "இந்த வருஷம் அது வடிவாய்த் தெரியாது அக்கா."

சுவர்ணா அதற்குள் படியேறிவிட்டாள். முதலில் பார்த்ததும் அவள்தான். "என்ன இது? வெறும் உருண்டை!" என்று சலித்துக்கொண்டு கீழே போய்விட்டாள். கேதீஸ்வரிக்கு முகம் சுருங்கியது. மற்ற வருடமென்றால் எவ்வளவு அழகாகக் காட்டியிருக்கலாம் என்று நினைத்தாள். பெண் பார்க்க வந்தவர்களுக்காக அப்படி நினைத்தது அவளுக்கே புதினமாக இருந்தது.

மயூரதன் குனிந்து பார்த்தான். நிமிரவேயில்லை.

"நடுவாலை ஒரு கீறு தெரியுது."

"அதுதான் வளையம்," என்றாள் அவள், மூச்சு வந்தவளாக. "இப்ப அதின்ரை விளிம்பு எங்கடை பக்கம் திரும்பி நிக்குது. அகலத்துக்கு அஞ்சு பூமியை வரிசையாய் வைக்கலாம். தடிப்பு ஒண்டிரண்டு தென்னைமர உயரந்தான். அதுதான் காணாமல் போறமாதிரி இருக்கு. வாற வருஷங்களிலை திரும்ப விரியும்."

"முழுக்க ஐஸோ?"

"ஓம், அனேகமாய் ஐஸ்தான்."

அவன் யோசித்தான். "எங்கடை பக்டரியிலை உடைச்ச ஐஸைப் பெட்டியிலை விட்டால் திரும்ப ஒட்டிக் கட்டியாய்ப் போயிடும். அங்கை ஏன் ஒண்டாய்ச் சேரேல்லை?"

வளையம் பார்க்க வந்தவர்களில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

"சனி விடாது. கிட்ட நிக்கிற பக்கத்தைக் கூட இழுக்கும், மற்றப் பக்கத்தைக் குறைய இழுக்கும். சேரப் பாக்கிறதைப் பிச்சுப்போடும்."

"தள்ளி நிண்டால்?"

"தள்ளி நிண்டால் சேரலாம். வெளிப்பக்கத்திலை இருக்கிற குட்டிச் சந்திரன்கள் சிலது அப்பிடிச் சேர்ந்து வந்ததாயிருக்கும் எண்டும் சொல்லுகினம்."

மயூரதன் நிமிர்ந்து முதல்முறையாக அவளைப் பார்த்துச் சிரித்தான். "அப்ப நாங்களும் கொஞ்சம் தள்ளித்தான் வீடு எடுக்கவேணும்."

'நாங்கள்' என்ற சொல் அவளுக்கு விளங்கக் கொஞ்சநேரம் பிடித்தது. விளங்கியதும் அவளும் வாய்விட்டுச் சிரித்தாள்.

கீழே இராசமலர் சாதகத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சுவர்ணா கொஞ்சம் சங்கடப்பட்டாள். "அம்மா, தம்பியின்ரை சாதகம் இடம்பெயரேக்கை துலைஞ்சுபோச்சு. பிறந்த நேரமும் ஒருத்தருக்கும் நினைவில்லை. பொருத்தம் பாக்க எங்களிட்டை ஒண்டுமில்லை."

மேலிருந்து சிரிப்புச் சத்தம் இறங்கி வந்தது. மகள் இப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலம்! இராசமலர் சாதகத்தைச் சாமித்தட்டில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியேறினாள்.

"தம்பி, கொஞ்சம் விலத்தி நில்லுங்கோ. எனக்கும் ஒருக்காக் காட்டு பிள்ளை."

ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றக் கண்ணை வைத்தாள். கேதீஸ்வரி அவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு சின்னனோ?" என்றாள் இராசமலர். "பாவம், தனிய நிக்குது."

தை பிறந்ததும் கோவிலில் எளிமையாகத் தாலி கட்டினார்கள். உரும்பிராயில் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே வீடு எடுத்திருக்கிறார்கள். ஐஸ் தொழிற்சாலையிலிருந்து வரும் மயூரதனின் கைகள் எந்த வெயிலிலும் குளிர்ந்துதான் இருக்கும். தேத்தண்ணீரைக் கொடுக்கமுன் கேதீஸ்வரி அந்தக் கைகளைத் தன் கைகளுக்குள் பொத்தி, சூடேறும்வரை வைத்துக்கொள்கிறாள்.