ஊசிக்கு வைத்த பொட்டு

அபிராமபுரம் அனந்தராமன் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றது இசையை ரட்சிப்பதற்காக. அப்படித்தான் அவர் நம்பினார். யாரோ பரணில் போட்டுவைத்திருந்த பழைய ஆம்ப்ளிஃபயரையும் ரெக்கார்ட் பிளேயரையும் வாங்கிவந்து, ரிச்சி தெருவுக்கு நடையாய் நடந்து, கெபாசிட்டர் மாற்றி, பெல்ட் மாற்றி, இரண்டாம் படுக்கையறையைச் சன்னிதி ஆக்கிவிட்டார். விருந்தாளிகள் தரிசனத்துக்கு அனுப்பப்பட்டார்கள். வெளியே வரும்போது எல்லோருக்கும் ஒரே கேள்வி: "வித்தியாசம் தெரியறதா?" பதிலுக்கு, "இதுல புளூடூத் உண்டா?" என்று கேட்ட மைத்துனன் சங்கரனுக்கு அன்றோடு அந்த வீட்டில் காபி நின்றது.

ஊரே கேட்டு என்ன பயன்? மனைவி கோமளா ஒரே ஒரு தடவை, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க உட்கார்ந்து கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. அவளோ பாட்டு ஆரம்பித்ததும் எழுந்துவிடுவாள். குக்கர், இல்லாவிட்டால் காலிங்பெல், இரண்டும் இல்லாவிட்டால் தலைவலி.

"எல்லாத்துக்கும் ஊசிதாண்டி உசிரு. அந்த முனையைக் கவனி," என்பார்.

"கவனிக்கறேன், கவனிக்கறேன்," என்று போய்க்கொண்டே இருப்பாள்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜையன்று அவர் குளித்துவிட்டு வந்தால், ஆம்ப்ளிஃபயரின் நெற்றியில் சந்தனம், குங்குமம். ஸ்பீக்கர்களுக்கும் அப்படியே, தலைக்கொரு சாமந்தியோடு. அனந்தராமனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னிக்குத் தொடப்படாது. நாளைக்கு விஜயதசமி, போடுங்கோ. நானும் கேக்கறேன்," என்றாள் கோமளா.

மறுநாள் புதுப்புடவையில் வந்து உட்கார்ந்தாள். அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த வீணைத் தட்டைச் சுழலவிட்டு, ஊசியை இறக்கி, கண்ணை மூடினார். வீணை ஜலதோஷம் பிடித்தாற்போல் முனகியது. கோமளா அசையவில்லை. குக்கர் விசிலடித்தது. அதற்கும் அசையவில்லை. அவர்தான் பாய்ந்து எழுந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஊசி முனையில் காய்ந்த சந்தனம். அதன்மேல் குங்குமம்.

"அறிவிருக்காடி? ஊசிக்குப் போய் யாராவது பொட்டு வைப்பாளா?"

"நீங்கதானே அதுதான் உசிருன்னேள்."

"தட்டே பாழ்! கர்ர்ருன்னு அறுக்கறது, நீ பாட்டுக்கு உக்காந்து கேட்டுண்டிருக்கியே, வித்தியாசம் தெரியலை உனக்கு?"

கோமளா எழுந்தாள்.

"உக்காந்திருந்தேனே. அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டுவிட்டுக் குக்கரை அணைக்கப் போனாள்.

புது ஊசி வந்தாயிற்று. தந்தியில் விரல் உரசுவதுகூடத் துல்லியமாகக் கேட்கிறது, அவர் ஒருவருக்கு. இந்த வருஷ பூஜையில் மிக்ஸிக்குப் பொட்டு, கிரைண்டருக்குப் பொட்டு. சன்னிதிக் கதவுவரை வந்த சந்தனக் கிண்ணம் அப்படியே திரும்பிப் போயிற்று. இருப்பதிலேயே பெரிய பொட்டு, சங்கரன் வாங்கித் தந்து சமையலறை ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் புளூடூத் டப்பாவுக்கு. கோமளா அதை நாள் முழுக்கக் கேட்கிறாள்.